குளோராக்ஸ் ஊற்றியும் கடைக் கழிப்பறை நாறுவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை இப்போது எடுத்து நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அக்கா, தினமும் இரண்டு வேளை குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்) ஊற்றிக் கழுவுகிறோம். பூச்சி உருண்டை போடுகிறோம், வாசனை அடிக்கும் டப்பாவும் மாட்டியாச்சு. அப்படியும் நாற்றம் சாப்பிடுகிற மேசை வரைக்கும் வருது. தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். சாப்பிடாமல் ஒதுங்க மட்டும் வருகிறவர்களால்தான் இப்படியா? பூட்டிவைத்து 30 காசு வாங்கலாமா? குந்தும் கழிப்பறையை உடைத்துவிட்டு உட்காரும் வகை போட்டால் சரியாகுமா?"

ஈப்போ பக்கம் ஓட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையில் இருந்தவள் நான். இப்போது சின்னக் கடைகளுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். தம்பி கேட்ட வரிசையில் போகாமல், நாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தீர்ந்தால் பாதிக் கேள்விக்குத் தேவையே இருக்காது.

கடை மூடிய பிறகு ஒரு நாள் இதைச் செய்யுங்கள். கழிப்பறையை வழக்கம்போலக் கழுவி, தரைத் துளை, குழி, முகம் கழுவும் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாசனை டப்பாவையும் பூச்சி உருண்டையையும் வெளியே எடுத்துவிடுங்கள். காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். காலையில் யாரும் உள்ளே போகும் முன் நீங்களே கதவைத் திறந்து மோந்து பாருங்கள். கண்ணையும் மூக்கையும் குத்தினால் அது சிறுநீர், தரையிலோ சுவரிலோ ஊறிக் கிடக்கிறது. அழுகிய முட்டை வாடை என்றால் குழாய் வழியாகவோ மலத்தொட்டியிலிருந்தோ காற்று ஏறி வருகிறது. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி வைத்த மாதிரி புழுங்கிய வாடை என்றால் மாப்பையும் மேற்கூரையையும் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. குளோராக்ஸ் இந்த மூன்றில் எதையும் முழுதாகத் தீர்க்காது.

முதல் வகைதான் கடைகளில் அதிகம். புதிய சிறுநீர் அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் அந்தக் குத்து வருகிறது. கூடவே சிறுநீரில் உள்ள உப்புகள் ஒட்டிக் காய்ந்து, நாள்படக் கல்லாகிவிடும். குழியின் விளிம்புக்கு அடியிலும், ஓடுகளுக்கு நடுவே உள்ள சிமெண்டுக் கோட்டிலும் மஞ்சளாக, பழுப்பாகப் படிந்திருப்பது அதுதான். குளோராக்ஸ் காரத்தன்மை உள்ளது. அது கறையை வெளுக்க வைக்கும், மேலே இருக்கும் கிருமியைக் கொல்லும், ஆனால் கல்லைக் கரைக்காது. பார்க்க வெள்ளையாகிவிடும், மறுநாள் அதே கல்லின் மேல் புதுச் சிறுநீர் விழும், மதியத்துக்குள் அதே நாற்றம். கழுவி முடித்த கையோடு கண் எரிகிறது என்றால் அதுவும் சுத்தத்தின் அடையாளம் இல்லை. குளோராக்ஸும் சிறுநீரின் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுக்காற்று வரும், அதுதான் எரிச்சல்.

எங்கே ஊறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்கள் கல்லாவிலேயே ஒரு கருவி இருக்கிறது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. இரவில் கழிப்பறை விளக்கை அணைத்துவிட்டு அதைப் பிடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோப்புத் தூளும் சில சமயம் மின்னும், அதனால் முதலில் வெறும் தண்ணீரால் அலசிக் காயவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குழியைவிட அதைச் சுற்றியுள்ள தரையும், முழங்கால் உயரம் வரை சுவரும், கதவின் அடிப்பலகையும்தான் மின்னும். நம் ஆட்கள் குழிக்குள் மட்டும் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவார்கள். சுவரை யார் தேய்ப்பது?

கல்லைக் கரைக்க அமிலம் வேண்டும். கடையில் விற்கும் கழிப்பறை அமிலத் திரவம் போதும், ஹார்ப்பிக் மாதிரி. தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, கெட்டிப் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பழைய கறை ஒரே தடவையில் போகாது, நாலைந்து நாள் இரவில் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். அமிலம் சிமெண்டுக் கோட்டையும் கொஞ்சம் அரிக்கும், அதனால் முதல் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு தடவை போதும். கோடு ஏற்கெனவே பொரிந்து குழிவிழுந்து கிடந்தால் எந்த மருந்தும் பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபோக்ஸி வகைப் பூச்சு பூசச் சொல்லுங்கள், அது நீரை உறிஞ்சாது. புது டைல்ஸ் போடுவதைவிட இது மலிவு.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்கள் கடையில் வேலை செய்யும் எல்லாருக்கும் சொல்ல வேண்டியது. அமிலத்தையும் குளோராக்ஸையும் ஒரே நேரத்தில், ஒரே வாளியில், ஒரே தரையில் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நான்கு அடிக்கு நாலடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கிறவருக்கு அது நுரையீரலைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். "ரெண்டும் சேர்த்தா நல்லா வெள்ளையாகும்" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமிலம் இரவில், குளோராக்ஸ் மறுநாள் பகலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள்.

குளோராக்ஸுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கதவுப்பிடி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஃபிளஷ் பிடி, தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் பிடி, இவற்றுக்கு அதுதான் சரி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அவ்வளவுதான். முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, பிறகு இதைப் பூசி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும். கரைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். பாட்டிலைச் சாய்த்துக் 'கொளகொள'வென்று ஊற்றுவதில் காசுதான் கரைகிறது.

அழுகிய முட்டை வாடைக்கு வருவோம். தரைத் துளையின் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி இருக்க வேண்டும். அதன் விளிம்பு தண்ணீரில் முங்கி நிற்கும், அந்தத் தண்ணீர்தான் கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது. நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் அந்த மூடி இருக்காது. தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். மெதுவாக இறங்கியதற்குக் காரணம் மூடி இல்லை, அதில் சிக்கிய முடியும் சோற்றுப் பருக்கையும்தான். ஹார்ட்வேர் கடையில் அளவு சொல்லி வாங்கிப் போடுங்கள், வாரம் ஒரு தடவை எடுத்துக் கழுவுங்கள். உங்கள் நாற்றத்தில் பெரிய பங்கு இந்த ஒரு மூடியிலேயே போய்விடலாம். ஒதுக்குப்புறத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாத தரைத் துளை இருந்தால் வாரம் ஒரு முறை ஒரு வாளி ஊற்றுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றிவிட்டால் மூடி இருந்தும் பயனில்லை.

மூடி சரியாக இருந்தும் வாடை வந்தால் குழி தரையோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மலத்தொட்டி. பழைய கடை வரிசைகளில் இன்னும் தனித்தனித் தொட்டிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உறிஞ்சி எடுக்க வேண்டும், கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் சொல்லும் கணக்கு அது. அப்பா காலத்தில் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஞாபகமில்லை என்று சொன்னால் உடனே கூப்பிடுங்கள். இன்னொன்று: சமையல்கட்டில் மிஞ்சிய குழம்பையும் எண்ணெயையும் கழிப்பறைக் குழியில் கொட்டும் பழக்கம் இருக்கிறதா? இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கொழுப்பு குழாயில் உறைந்து அடைக்கும், எலியும் அந்த வழியாகவே வரும்.

நாற்றம் ஏன் மேசை வரை வருகிறது? இதற்குக் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் சமையல்கட்டில் பெரிய புகை உறிஞ்சி ஓடுகிறதல்லவா? அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கடையில் ஏர்கான் போட்டு முன்கதவைச் சாத்திவிட்டால் அது கழிப்பறையிலிருந்தும் தரைத் துளையிலிருந்தும் இழுக்கும். கழிப்பறைக் கதவுக்கு முன்னால் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை கடைக்குள் வளைந்தால் இதுதான் விஷயம். சமையல்கட்டுக்குப் பின்பக்கம் ஒரு கம்பிவலைச் சன்னல் திறந்து வையுங்கள். கழிப்பறையில் காற்றாடி பின்சந்துப் பக்கம் வெளியே தள்ளும்படி மாட்டுங்கள், கதவின் அடியில் காற்று நுழைய இடம் விடுங்கள். நம் நாட்டுக் கட்டட விதியில் ஒவ்வொரு கழிப்பறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் காற்றுத் திறப்பு வேண்டும் என்று இருக்கிறது. பழைய கடைகளில் அந்தச் சன்னலை மறைத்துத் தக்காளிச் சாஸ் பெட்டியை அடுக்கி வைத்திருப்பார்கள்.

பூச்சி உருண்டையை எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். இந்த நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று வழக்கமாகவே சோதிப்பார்கள், இருந்தால் பூச்சி உருண்டை வேண்டாம் என்று தாயிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்தத் தாய் குழந்தையோடு உங்கள் கடைக்குச் சாப்பிட வந்தால், கை கழுவும் தொட்டியில் நாலு உருண்டை உருள்கிறது. அது எந்த நாற்றத்தையும் தீர்ப்பதும் இல்லை, அதன் மேல் இன்னொரு நாற்றத்தைப் போர்த்துகிறது. வாசனை டப்பாவும் அதே கதைதான். வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு கழிப்பறைகளுக்கு 'பெர்சே, மெனாவான், வாங்கி' என்று சொல்கிறது: சுத்தம், அழகு, மணம். சுத்தம் முதலில் வந்தது சரி. மணத்தை நான் கேட்கவே மாட்டேன். ஒரு வாடையும் இல்லாத கழிப்பறையே போதும்.

தண்ணீர் வெட்டுக்குப் பயந்து மூலையில் பெரிய தொட்டி வைத்திருப்பீர்கள், வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது, வாரம் ஒரு முறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புழு கிடைத்தால் 500 வெள்ளி வரை கம்பவுண்ட் (அபராதம்) எழுதுவார்கள். மூடியுள்ள தொட்டியும், தண்ணீர் எடுக்க அடியில் ஒரு குழாயும் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கை கழுவும் தொட்டி பற்றிக் கொஞ்சம். கையால் சாப்பிடும் கடையில் அது கழிப்பறைக்குள் இருக்கவே கூடாது. சாப்பிட வருகிறவர் கழிப்பறைக் கதவைத் தொடாமல் கை கழுவிவிட்டு உட்கார முடிய வேண்டும். சோப்பு பாட்டிலில் பாத்திரச் சோப்பை ஊற்றி, தண்ணீர் கலந்து, தீரத்தீர மேலே ஊற்றிக்கொண்டே போவது நம் வழக்கம். தண்ணீர் கலந்த சோப்பில் கிருமி வளரும். பாட்டில் காலியானதும் கழுவிக் காயவைத்து, கலக்காத சோப்பை ஊற்றுங்கள். எல்லாம் சேர்ந்தும் பெரிய செலவில்லை.

இனி முக்கியமான இடம். யார் கழுவுகிறார்கள்?

பெரும்பாலான கடைகளில் பாத்திரம் கழுவும் அம்மாவோ, காய்கறி நறுக்கும் தம்பியோ கூட்டம் குறைந்த நேரத்தில் ஓடிப்போய்க் கழுவிவிட்டு, அதே ஏப்ரனோடு திரும்பி வந்து வெங்காயம் உரிப்பார்கள். இது கூடாது. டைபாய்டு ஊசி போட்ட அட்டை கல்லாவில் தொங்கினால் மட்டும் போதாது. உணவு தொடும் ஆள் கழிப்பறை வேலையைத் தொடக் கூடாது. ஆள் குறைவு, வழியே இல்லை என்றால் கடை மூடிய பிறகு செய்யட்டும், பகலில் மேசை துடைக்கும் ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கையுறை, செருப்பு, ஏப்ரன் தனி. கழிப்பறைத் துணியும் மாப்பும் சிவப்பு, சமையல்கட்டுக்குப் பச்சை என்று நிறம் பிரித்துவிட்டால் மொழி தெரியாத ஆளும் மாற்றி எடுக்க மாட்டார். மாப்பை நனைந்தபடி வாளிக்குள் நிறுத்தி வைக்காதீர்கள், முதலில் சொன்ன புழுங்கிய வாடை அதிலிருந்தும் வரும், பின்பக்கம் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் காயட்டும்.

அந்த வேலைக்குத் தனியாகக் காசு கொடுங்கள். நம் தோட்டங்களில் கக்கூஸ் கழுவியவரை லயத்தின் கடைசி வீட்டில் வைத்த காலம் தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கும். அந்த நினைப்புதான் இன்றும் கடைக்காரர் வாயில் "அதுக்கு அந்த வங்காளதேசத்துக்காரன் இருக்கான்ல" என்று வருகிறது. தாழ்ந்த வேலை என்று நினைத்துத் தள்ளிவிடும் வேலையை எவரும் மனதோடு செய்ய மாட்டார். சம்பளத்தில் அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். நீங்கள் வாரம் ஒரு தடவை அவரோடு நின்று சுவர் தேயுங்கள். எந்தச் சட்டத்திட்டத்தையும்விட அது வேகமாக வேலை செய்யும். முதலாளியே குனிகிற கடையில் மற்றவர்கள் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டு வேளை போதுமா என்றால், மணிக்கணக்கைவிடக் கூட்டக் கணக்குதான் சரி. திறக்கும் முன் ஒரு முறை, பசியாற வந்த கூட்டம் கலைந்ததும் ஒரு முறை, மதியச் சாப்பாட்டின் நடுவில் ஒரு பார்வை, அது முடிந்ததும் ஒரு முறை, மூடிய பிறகு முழுக் கழுவல். நடுவில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்: தரைத் தண்ணீரை ரப்பர் பட்டை வைத்த கட்டையால் தள்ளு, குழியைப் பார், குப்பைக் கூடையைப் பார், சோப்பைப் பார். தரை காய்ந்திருந்தாலே பாதி நாற்றம் அடங்கிவிடும், வருகிறவரும் பார்த்து நடப்பார். சேறு பட்ட தரையில்தான் மற்றவரும் செருப்போடு மிதித்து விட்டுப் போவார்கள். தோட்டச் சம்பளம் மாதத்தின் முதல் ஏழு நாளுக்குள் வந்துவிடும், சட்டமே அப்படி. அந்தச் சனி, ஞாயிறு குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததுதானே? அந்த இரண்டு நாளுக்கு ஒரு ஆளைக் கழிப்பறைப் பக்கமே விடுங்கள். தைப்பூசத்துக்குப் போகிற பேருந்து நின்றாலும் அப்படித்தான்.

கதவுக்குப் பின்னால் கையெழுத்துப் போடும் தாளை ஒட்டச் சொல்வார்கள். ஒட்டுங்கள், ஆனால் நம்பாதீர்கள். காலையிலேயே ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மாலை ஆறு மணி வரை நிரப்பிய தாளைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் கழிப்பறையில் மூடி போட்ட குப்பைக்கூடையும், கைப்பை மாட்ட ஒரு கொக்கியும், ஒழுங்காகப் பூட்டும் தாழ்ப்பாளும் வையுங்கள். கூடை இல்லாவிட்டால் நாப்கின் குழிக்குள்தான் போகும், அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடும் செலவு உங்களுக்கு.

சட்டம் எவ்வளவு கண்டிப்பு என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அசுத்தமான உணவுக் கடையை 14 நாள் வரை மூட வைக்கலாம். கோலகங்சார் நகராண்மைக் கழக அதிகாரிகளும் சோதனைக்கு வந்தால் சமையல்கட்டோடு கழிப்பறையையும்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பயந்து செய்வதைவிட, சர்க்கரை வியாதிக்காரர் நிறைந்த நம் குடும்பங்களை நினைத்துச் செய்யலாம். சாப்பாடு வரும் முன்பே ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை போகிறவர்கள் அவர்கள். பாட்டியை எந்தக் கடைக்கு அழைத்துப்போவது என்று மகள் முடிவு செய்யும்போது உங்கள் ரசத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை.

பூட்டி 30 காசு வாங்கலாமா? சாப்பிட்டவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பத்து வெள்ளிக்குச் சாப்பிட்டவரை முப்பது காசுக்கு நிறுத்தினால் அந்த முப்பதுதான் அவர் ஊரெல்லாம் சொல்வது. பூட்டி, சாவியைக் கட்டையில் கட்டி வைப்பதும் வேண்டாம், அந்தக் கட்டையைக் கழுவின கையும் கழுவாத கையும் மாறி மாறிப் பிடிக்கும், பிறகு அது கல்லாவில் காசோடு கிடக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிற பெருஞ்சாலைக்காரர்கள் ஒதுங்க வந்தால் விடுங்கள். பாதிப் பேர் வெளியே வரும்போது ஒரு தே தாரிக் கேட்பார்கள். தொல்லை மிஞ்சினால் கல்லாவில் கேட்டுவிட்டுப் போகச் சொல்லி ஒரு பலகை வையுங்கள், போதும்.

குந்தும் வகையை உடைக்க வேண்டாம். தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு அதுதான் பழக்கம், உடம்பு எதிலும் படாது என்பதால் இளம் பெண்கள் சிலரும் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் முட்டி வலிக்காரருக்கு அது தண்டனை. இரண்டு அறை இருந்தால் ஒன்றை மட்டும் உட்காரும் வகையாக மாற்றி, சுவரில் ஒரு கம்பிப் பிடி வையுங்கள், கதவில் எது எது என்று படம் ஒட்டுங்கள். ஒரே அறைதான் என்றால் உட்காரும் வகை போட்டு, தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டுங்கள். உட்காரும் இடத்தில் ஏறி நின்று குந்துகிறவர்கள் வருவார்கள், அதனால் மலிவான பிளாஸ்டிக் மூடி வாங்காதீர்கள், ஒரே வாரத்தில் உடையும்.